பச்சைப் பூவரசில் கடைந்த கிண்ணம் மூன்றாம் நாளே வெடித்துவிட்டது, எப்படிக் காயவைப்பது?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்), மே 12

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாக வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு சின்ன லேத் வைத்துக் கடைந்துகொண்டிருக்கிறேன். இதுவரை கடைந்ததெல்லாம் மரவாடியில் வாங்கிய காய்ந்த கட்டைதான். பூரிக்கட்டை, மத்து, பம்பரம், யாராவது கேட்டால் கட்டில் கால், அவ்வளவு. பச்சை மரத்தில் கை வைத்தது இதுதான் முதல் தடவை.

நெல்லிக்குப்பத்தில் அத்தை வீட்டு வாசலில் ஒரு பூவரசு நின்றது. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது போத்து நட்டு வந்த மரம் என்பார்கள். தெருவை அகலமாக்குகிறார்கள் என்று போன மாதக் கடைசியில் வெட்டிவிட்டார்கள். அத்தைக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. நான் போனபோது, "இதுல எனக்கு ஒரு கிண்ணமாவது கடைஞ்சு குடுடா" என்று சொன்னார். அடிமரத்தில் ஓரடி நீளத்தில் ஐந்து துண்டும் மேலே கவட்டை ஒன்றும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். குறுக்களவு பன்னிரண்டு அங்குலம் இருக்கும்.

முதல் துண்டை அப்படியே நிறுத்தி இரண்டு முனையிலும் பிடித்து உருட்டி, அப்புறம் சக்கில் (லேத்தில் கட்டையைக் கவ்விப் பிடிக்கிற தாடை) மாட்டிக் குடைந்தேன். பச்சைக் கட்டையில் உளி போகிற சுகத்தை அன்றுதான் பார்த்தேன். காய்ந்த கட்டையில் தூளாகக் கொட்டும், இதில் சீவல் நாடா நாடாவாகத் தோள்மேல் விழுகிறது, முகத்தில் தண்ணீர் தெறிக்கிறது, கொட்டகை முழுக்க ஈர வாசனை. ஒன்பது அங்குலக் கிண்ணம். பக்கச் சுவர் அரை அங்குலம், அடிப்பகுதி ஒன்றரை அங்குலம் விட்டேன். உப்புத்தாள் போட்டு வழுவழுப்பாக்கி ஜன்னல் பக்கம் மேசையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் டப்பென்று ஒரு சத்தம். எழுந்து பார்த்தால் அடியில் நட்ட நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் ஒரே வெடிப்பு, ஒரு ரூபாய் நாணயம் உள்ளே நிற்கும் அளவுக்கு. மீதி நான்கு துண்டின் வெட்டிய முகத்திலும் தலைமுடி மாதிரி கீறல் தெரிய ஆரம்பித்துவிட்டது. இந்த மரம் திரும்பக் கிடைக்காது, அதனால்தான் கேட்கிறேன். நான் எங்கே தவறு செய்தேன், மிச்சம் இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது?


உளிமுனை (முத்தியால்பேட்டை, புதுச்சேரி), மே 12

தம்பி, முதலில் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அந்த நான்கு துண்டின் இரண்டு முகத்திலும் மெழுகு பூசிவிட்டு வாருங்கள். மெழுகுவர்த்தியை உருக்கித் தடவினாலும் போதும், இல்லையென்றால் பெவிகாலைத் தண்ணீர் விடாமல் கெட்டியாக இரண்டு பூச்சு. கத்திரி வெயிலில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

பூவரசு சுலபமாக வெடிக்கிற மரமில்லை. நான் கடைந்த அளவில் அது சுருங்குவதும் கொஞ்சம்தான். ஹவாய் தீவுகளில் இதே மரத்தை மிலோ என்பார்கள், அந்தக் காலத்தில் சாப்பாட்டுக் கிண்ணங்கள் கடைய அதை விரும்பி எடுத்திருக்கிறார்கள், உணவில் மரத்தின் சுவை ஏறாது என்பதற்காக. அதனால் அத்தைக்குக் கிண்ணம் கடைய இதைவிடப் பொருத்தமான மரம் கிடையாது.

தவறு மரத்தை நிறுத்திய விதத்தில் இருக்கிறது. மத்தும் பம்பரமும் கடைந்து பழகிய கை, அதே மாதிரி கட்டையை நிறுத்திக் குடைந்துவிட்டீர்கள். அப்படிச் செய்தால் மரத்தின் நடுமையம் கிண்ணத்தின் அடியில் சரியாக நடுவில் வந்து உட்காரும். மரம் காயும்போது நீளவாக்கில் கிட்டத்தட்ட சுருங்குவதே இல்லை. மையத்திலிருந்து பட்டை பக்கம் கொஞ்சம் சுருங்கும். வளையத்தின் சுற்றுவாக்கில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். சுற்றளவு குறைய வேண்டும், நடுவில் இருப்பது அந்த அளவுக்குக் குறையமாட்டேன் என்கிறது, எங்கேயாவது பிளந்துதானே ஆகவேண்டும்? உங்கள் வெடிப்பு அடிநடுவில் தொடங்கி விளிம்புக்குப் போனதற்கு அதுதான் காரணம். கூடவே அரை அங்குலச் சுவர் மூன்று நாளில் பாதி காய்ந்திருக்கும், ஒன்றரை அங்குல அடி இன்னும் நனைந்த துணி மாதிரி இருந்திருக்கும். ஒன்று இழுக்கிறது, இன்னொன்று அசையவில்லை.

ஈரத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், இது புரிந்தால் மீதியெல்லாம் தானே புரியும். பச்சை மரத்தில் தண்ணீர் இரண்டு இடத்தில் இருக்கிறது. நாரின் உள்கூட்டில் சும்மா தேங்கி நிற்பது ஒன்று, உங்கள் முகத்தில் தெறித்தது அதுதான். அது போகும்வரை மரம் சுருங்காது. ஈரம் சுமார் 25 முதல் 30 சதவீதத்துக்கு இறங்கிய பிறகு, நாரின் சுவரிலேயே ஊறியிருக்கிற தண்ணீர் கிளம்ப ஆரம்பிக்கும். சுருக்கம், கோணல், வெடிப்பு எல்லாம் அந்தக் கட்டத்தில்தான். அதோடு, வெட்டிய முகம் வழியாகத் தண்ணீர் வெளியேறும் வேகம் பக்கவாட்டில் போவதைவிடப் பத்து மடங்குக்கு மேல். அதனால்தான் மெழுகு.

இனி செய்ய வேண்டியது இது. துண்டை நடுமையத்தின் வழியாக நெடுக இரண்டாகப் பிளந்துகொள்ளுங்கள், மையத்தை ஒட்டி இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் அறுத்துத் தள்ளிவிடுங்கள். பாதிக் கட்டையின் தட்டையான முகத்தில் பேஸ்பிளேட்டை (கட்டையை லேத்தோடு பிணைக்கிற இரும்புத் தட்டு) வைத்துத் திருகி, பட்டை பக்கம் கிண்ணத்தின் அடியாக வருகிற மாதிரி கடையுங்கள். இது முதல் கடைசல்தான், முடிப்பதற்கு இல்லை. சுவர் குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்பது அங்குலக் கிண்ணத்துக்கு முக்கால் முதல் ஓர் அங்குலம், அடியும் அதே தடிப்பு. இந்தச் சீர் தப்பக்கூடாது. அடியில் சக் பிடிக்கிற குமிழைக் கொஞ்சம் பெரிதாகவே விடுங்கள், காயும்போது அதுவும் முட்டை வடிவமாகிவிடும், பிறகு உருட்டிச் சரிசெய்ய மரம் வேண்டும்.

கடைந்து இறக்கிய அடுத்த நிமிடமே வெளிப்பக்கம் முழுக்க மெழுகு, பழைய தினசரித் தாளில் நான்கு சுற்று சுற்றி, மளிகைக் காகிதப் பையில் போட்டு, காற்றடிக்காத மூலையில் தரையை ஒட்டி வையுங்கள். வில்லியனூரில் சுடுமண் வேலை செய்கிறவர்கள் ஈரப் பானையை நிழலில் சாக்கு மூடி எவ்வளவு பொறுமையாக உலர்த்துகிறார்கள் என்று போய்ப் பாருங்கள், அதே பக்குவம். அப்புறம் ஒரு சமையல் தராசு. முதல் நாள் எடையைப் பென்சிலால் அடியில் தேதியோடு எழுதுங்கள், வாரம் ஒரு தடவை நிறுங்கள். நான் கடைசியாகக் கடைந்த பூவரசு முதல் நாள் 1840 கிராம், ஒரு வாரத்தில் 1610, இரண்டில் 1465, பதினொன்றாம் வாரம் 1180 வந்து அங்கேயே நின்றது. மூன்று வாரம் எடை நகரவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். கடல் பக்கத்தில் இருக்கிற நமக்கு மரம் 12 முதல் 15 சதவீத ஈரத்தோடு நின்றுவிடும், அதற்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள்.


பலாக்கொட்டை (பண்ருட்டி), மே 13

உளிமுனை அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் கட்டையை வைத்திருப்பது பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது எங்கள் பக்கத்தில் பலாவும் முந்திரியும் சாய்ந்த கோலத்தைப் பார்த்தவர்கள் மறக்க முடியாது. தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு கிடந்தன. விறகுக்குப் போகிறதே என்று வயிறு எரிந்து, முடிந்தவரை கட்டை சேர்த்தேன், ஏழெட்டு மரத்துக் கட்டை. எல்லாவற்றையும் ஓரடித் துண்டாக அறுத்து, களத்துமேட்டில் வெயிலில் அடுக்கினேன், சீக்கிரம் காயட்டும் என்று. சித்திரை வருவதற்குள் முக்கால்வாசி நட்சத்திரம் மாதிரி வெடித்து அடுப்புக்குத்தான் ஆனது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த மரங்களுக்குச் செய்த பாவமாகத்தான் படுகிறது.

அதிலிருந்து கற்றது: கடையப் போகிற நாள் வரைக்கும் கட்டையை எவ்வளவு நீளமாக வைத்திருக்க முடியுமோ அவ்வளவு நீளமாக வையுங்கள். முனையில் இரண்டு மூன்று அங்குலம் கீறல் விழுந்தாலும் அறுத்துத் தள்ளிவிட்டு உள்ளே நல்ல மரம் எடுக்கலாம். உங்களுடையது ஏற்கனவே ஓரடி, அதனால் காத்திருக்காமல் இந்த வாரமே எல்லாவற்றையும் பிளந்து முதல் கடைசல் போட்டுவிடுங்கள். நேரமில்லை என்றால் பிளந்த பாதிகளைத் தண்ணீர்த் தொட்டியில் முழுக்க அமுக்கி வையுங்கள், தண்ணீருக்குள் இருக்கிற கட்டை வெடிக்காது.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம். தூங்குமூஞ்சி கிடைத்தால் விடாதீர்கள், சுருக்கம் மிகக் குறைவு, பச்சையாகவே கடைந்து முடித்தாலும் பெரும்பாலும் தாங்கும். தூள் மட்டும் மூக்கையும் கண்ணையும் எரிக்கும், முகக்கவசம் வேண்டும். பலாவும் நன்றாக ஒத்துழைக்கும், கடைந்த அன்று எலுமிச்சை மஞ்சளாக இருப்பது வெளிச்சம் பட்டுப்பட்டு ஒரு வருடத்தில் தேன் நிறத்துக்கு வரும். மாங்கட்டையில் பூச்சியும் பூஞ்சையும் சீக்கிரம் ஏறும். சவுக்கு பக்கமே போகாதீர்கள், கல் மாதிரி கடினம், காயும்போது வெடிக்காமல் நான் பார்த்ததில்லை.


ஈரச்சீவல் (காலாப்பட்டு), மே 13

கெடிலக்கரை சகோதரருக்கு இன்னொரு வழியும் சொல்கிறேன். நான் பெரும்பாலும் ஒரே தடவையில் கடைந்து முடித்துவிடுவேன். சுவரைக் கால் அங்குலத்துக்கும் குறைவாக, விளிம்பிலிருந்து அடிவரை ஒரே தடிப்பாகக் கொண்டுவந்துவிட்டால் மரம் எல்லாப் பக்கமும் ஒன்றாகக் காயும், இழுபறி இல்லாததால் வெடிக்காமல் வளைந்துகொடுக்கும். நடுமையம் இல்லாத பாதிக் கட்டையாக இருக்க வேண்டும் என்பது இதற்கும் பொருந்தும். ஒரு வாரத்தில் காய்ந்துவிடும். வட்டமாக இருக்காது, விளிம்பு ஒரு பக்கம் எழும்பி ஒரு பக்கம் தாழ்ந்து பூவரச இலை மாதிரி நெளியும். எனக்கு அந்த நெளிவு பிடிக்கும். மரம் தானாகப் போட்டுக்கொள்கிற வடிவம் அது.

தடிப்பு சீராக இருக்கிறதா என்று பார்க்க, லேத்தை நிறுத்திவிட்டுக் கிண்ணத்துக்கு உள்ளே ஒரு டார்ச்சை வைத்துக் கொட்டகை விளக்கை அணைத்துப் பாருங்கள். ஈர மரம் மெல்லிசாக இருந்தால் வெளிச்சம் ஊடுருவும், எங்கே இருட்டாக இருக்கிறதோ அங்கே இன்னும் மரம் இருக்கிறது. நடுவில் டீ குடிக்கப் போகக்கூடாது. ஆரம்பித்தால் முடிக்க வேண்டும், பாதியில் விட்டால் அரை மணி நேரத்தில் விளிம்பு கோணிவிடும். போகவேண்டிய அவசரம் வந்தால் ஈரத்துணியால் சுற்றி மேலே பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

உப்புத்தாள் இப்போது வேண்டாம். ஈரத்தில் தேய்த்தால் தாள் அடைத்துக்கொள்ளும், அந்தச் சூட்டிலேயே மெல்லிய கீறல்கள் விழும். ஒரு வாரம் கழித்துக் கையால் தேய்க்கலாம். இன்னொன்று, ஈரக் கட்டையில் இரும்பு பட்டால் நீலக்கருப்பாகக் கறை பிடிக்கும், சக்கின் தாடை தொட்ட இடத்தில் பார்த்திருப்பீர்கள். எலுமிச்சம்பழச் சாறு தடவினால் பெரும்பாலும் போய்விடும். வேலை முடிந்ததும் ஈரச் சீவலை லேத் மேல் விட்டுவைக்காதீர்கள். நம் கடற்காற்றும் அந்தச் சாறும் சேர்ந்தால் ஒரே இரவில் துரு. துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுத்தான் நான் கொட்டகையைச் சாத்துவேன்.

பாதிக் கட்டை மாட்டும்போது வேகத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரு பக்கம் கனமாக இருக்கும், லேத் குதிக்கும். நிமிடத்துக்கு 400, 500 சுற்றில் ஆரம்பியுங்கள், கட்டையின் மறுமுனையைத் தாங்குகிற டெயில்ஸ்டாக் ஆதரவு இல்லாமல் சுவிட்ச் போடாதீர்கள், முகத்துக்கு முழுக் கண்ணாடிக் கவசம். கட்டைக்கு நேர் எதிரே நிற்கவே கூடாது. தண்ணீர் தெறிக்கிற வேலை என்பதால் கொட்டகை மின் இணைப்பில் கசிவு தடுக்கும் பிரேக்கர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.


மத்துக்கட்டை (திருப்பாதிரிப்புலியூர்), மே 14

தம்பி, நான் நாற்பது வருடம் கடைசல் பட்டறை வைத்திருந்தவன். தொட்டில் கட்டை, மத்து, பம்பரம், குழந்தைகளுக்குச் சொப்பு என்று கடைந்தே மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். மெழுகு, காகிதப் பை எல்லாம் எங்கள் காலத்தில் கிடையாது, குளம் இருந்தது.

பூவரசோ வேம்போ பனையோ, வெட்டினால் நேரே குளத்தில் தள்ளிவிடுவார் எங்கள் அப்பா. மூன்று மாதம், ஆறு மாதம் கிடக்கும். மேலே மிதக்காமல் கல் வைத்து அமுக்க வேண்டும். கரையேற்றும்போது நாற்றம் தாங்காது, அந்த நாற்றம்தான் மரத்துக்குள் இருந்த இனிப்பும் மாவுச்சத்தும் ஊறி அழுகி வெளியே போனதற்கு அடையாளம். அதைத் தின்னத்தான் வண்டு வருகிறது. ஊறின கட்டையில் நான் வண்டு பார்த்தது அபூர்வம். பிறகு தென்னங்கீற்றுக் கொட்டகையில், கட்டைக்கு அடியில் குச்சி கொடுத்துத் தரையில் படாமல் அடுக்கி, மேல்காற்று அடிக்கிற பக்கம் சாக்கு கட்டித் தொங்கவிடுவோம்.

இந்த மேல்காற்றைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். வைகாசி, ஆனியில் காலையிலிருந்து மதியம் வரை மேற்கிலிருந்து வருகிற காற்று அனல் மாதிரி இருக்கும், மரத்தை உறிஞ்சிவிடும். மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பினால்தான் மரத்துக்கு மூச்சு வரும். உங்கள் ஜன்னல் மேற்கே பார்த்ததா? அப்படியென்றால் அங்கே வைத்ததே தப்பு. ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் தலைகீழ். அடைமழையில் கட்டை வெடிக்கவே வெடிக்காது, ஆனால் பையில் மூடி வைத்தால் வெள்ளைப் பூஞ்சை பூத்துவிடும். அப்போது பையைத் திறந்து, மின்விசிறிக் காற்று நேரே படாமல் அறைக்குள்ளேயே வைக்க வேண்டும். ஒரே முறையைப் பன்னிரண்டு மாதமும் பிடித்துக்கொண்டிருந்தால் இந்த ஊரில் நடக்காது.


கெடிலக்கரை, மே 14

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா, ஜன்னல் மேற்கேதான் பார்த்தது. மெழுகு நேற்றே பூசிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை பிளக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துக் காயவைக்கலாம் என்று ஒருவர் சொன்னார், செய்யலாமா?


உளிமுனை, மே 15

சின்னக் கிண்ணத்துக்குச் செய்யலாம். மிகக் குறைந்த சூட்டில் இரண்டு நிமிடம், வெளியே எடுத்துத் தாளில் சுற்றி முழுக்க ஆறவிட்டு, எடை பார்த்து மறுபடியும். ஒரு நாள் பொழுது போய்விடும். அவசரப்பட்டு நேரத்தைக் கூட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கருகிப் புகையும். ஓர் அங்குலச் சுவருள்ள அத்தையின் மரத்தில் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.


கெடிலக்கரை, ஆகஸ்ட் 31

என்ன ஆனது என்று சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. நான்கு துண்டைப் பிளந்ததில் எட்டுப் பாதி வந்தது. அதில் ஆறைத் தடிப்பாகக் கடைந்து மெழுகு பூசிக் காகிதப் பையில் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். ஒன்றில் ஒரு கணு இருந்த இடத்தில் கீறல் விழுந்தது, மரத்தூளும் சூப்பர் குளூவும் வைத்து அடைத்தேன், அதற்குமேல் ஓடவில்லை. ஜூலையில் நான்கு நாள் விடாத மழையின்போது இரண்டில் பூஞ்சை பிடித்தது, ஐயா சொன்னபடி பையைத் திறந்து துடைத்து வைத்ததும் நின்றுவிட்டது. மீதி இரண்டு பாதியை ஈரச்சீவல் சொன்ன மாதிரி மெல்லிசாகக் கடைந்தேன். ஒன்று கடைசி நேரத்தில் உளி பிடித்துக்கொண்டு சுவர் உடைந்தது, இன்னொன்று அழகாக நெளிந்து நிற்கிறது.

பெரிய கிண்ணத்தின் எடை 2010 கிராமில் தொடங்கி 1295ல் மூன்று வாரமாக நகரவே இல்லை. நாரோட்டத்தில் ஒன்பது அங்குலம் அப்படியே இருக்கிறது, குறுக்கே எட்டே முக்காலுக்கும் கொஞ்சம் குறைவு. குமிழைப் பெரிதாக விடச் சொன்னதன் அருமை சக்கில் மாட்டியபோதுதான் தெரிந்தது, உருட்டிச் சரிசெய்யத் தாராளமாக மரம் இருந்தது. இரண்டாம் தடவை கடையும்போது உள்ளே வைரம் பாய்ந்த நடுக்கட்டை சாக்லேட் நிறத்தில், ஊதா கலந்த வரியோடு வந்தது, பச்சையில் இருந்தபோது இது கண்ணிலேயே படவில்லை. ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு.

நேற்று நெல்லிக்குப்பம் போய்க் கொடுத்தேன். அத்தை வெகுநேரம் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் பென்சிலில் எழுதிய தேதிகளில் பாதியை அழிக்காமல் விட்டிருந்தேன், அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். இப்போது அதில் வெற்றிலை வைத்திருக்கிறார்.

கவட்டைத் துண்டு மட்டும் இரண்டு முகத்திலும் மெழுகோடு அப்படியே இருக்கிறது. அதை என்ன செய்யலாம் ஐயா?


மத்துக்கட்டை, செப்டம்பர் 1

கவட்டையில் நார் இரண்டு பக்கமும் பின்னிக்கொண்டு போகும், வரி மயில்தோகை மாதிரி வரும், ஆனால் காய மற்றதைவிட இரண்டு மடங்கு நாள் பிடிக்கும். மழைக்கு முன்னால் இப்போதே கவட்டையின் நடுவாக்கில் அறுத்து, மூன்று அங்குலப் பலகையாக எடுத்து எல்லாப் பக்கமும் மெழுகு பூசிவிடுங்கள். தை பிறந்ததும் எடை பாருங்கள். அறுக்க மில்லில் கொடுத்தால் எந்தக் கோட்டில் அறுக்க வேண்டும் என்று கரியால் நீங்களே கோடு போட்டு, அறுத்து முடிகிற வரைக்கும் பக்கத்தில் நில்லுங்கள்.